கத்திக்கு முந்தைய நாற்பது நாட்கள்

இறைச்சி சாப்பிடலாமா கூடாதா என்ற வாதம் எப்போதும் கத்தியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பிராய்லர் கோழி உயிரோடு இருப்பது 35 முதல் 42 நாட்கள். அறுப்பதற்கு ஆவது சில நொடிகள். வேதனையின் பெரும்பகுதி எந்தப் பக்கம் கிடக்கும் என்று அறியக் கால்நடை மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. சாப்பிடுவதும் விடுவதும் அவரவர் முடிவு. ஆனால் பாலும் முட்டையும் மட்டும் போதும் என்று ஒதுங்கியவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

முதலில், தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளத்தைப் பரப்பிக் கோழி வளர்க்கும் ஆழ்கூளக் கொட்டகை. உள்ளே போனதும் குனிந்து, கோழியின் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோக வேண்டும். எச்சத்தால் உண்டாகும் அமோனியா வாயு கூளத்திலிருந்து கிளம்புவதால், நிற்கிறவருக்கு வருவதைவிடக் கோழிக்குத்தான் அதிகம் ஏறும். 20 பிபிஎம்முக்குள் (காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு) இருப்பது நல்லது. நம் கண்ணே எரிகிறது என்றால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது. தினமும் உள்ளே புழங்குகிறவரைக் கேட்டுப் பயனில்லை, அவர் மூக்கு பழகிப்போயிருக்கும்.

அடுத்து, ஒரு கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். லேசாகச் சேர்ந்து, உடனே உதிர்ந்தால் பதம் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. இதற்குப் பெரும்பாலும் காரணம் குடிநீர்த் தட்டுதான்: அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். வளர வளரத் தட்டை உயர்த்தாவிட்டால் கோழி தண்ணீரைச் சிந்திக்கொண்டே இருக்கும். தீவனத்தில் உப்புக் கூடினாலும், காற்றோட்டம் குறைந்தாலும் இதே கதைதான்.

ஈரக் கூளம் கோழியை ஏன் இவ்வளவு பாதிக்கிறது? வேகமாக எடை போடும்படி வளர்க்கப்பட்ட இனம் என்பதால், கடைசி வாரங்களில் கால் தாங்காமல் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே கிடக்கும். அப்போது பின்கால் முட்டியும் பாதமும் அமோனியா ஊறிய கூளத்தில் அழுந்தி வெந்துபோகும். தோலோடு விற்கும் முழுக்கோழியின் முட்டி மூட்டில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பு தெரிந்தால், அந்தக் கோழி கடைசி நாட்களை எப்படிக் கழித்தது என்று படித்துவிடலாம்.

முட்டைக் கோழியின் துன்பம் எலும்புக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணையின் முட்டைக் கோழி (லேயர்) 300ஐத் தாண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. ஓடு உருவாவது இரவில். அந்த நேரம் குடலில் கால்சியம் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டும். விளைவு, முட்டைக்காலம் முடிகிற சமயம் மார்பெலும்பில் முறிவு. சுண்ணாம்புக்கல்லை முழுவதும் பொடியாகத் தராமல், ஒரு பங்கை 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாக மாலைத் தீவனத்தில் சேர்த்தால் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். செலவில்லாத திருத்தம், ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை.

கூண்டைப் பற்றி ஒரே ஒரு அளவு சொன்னால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2012ல் தடைசெய்த பழைய கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம். ஏ4 தாள் இதைவிடப் பெரியது. லேயர் இனத்தின் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் கட்டுப்படியாகாது. பொரித்த அன்றே கொல்லப்படுவதுதான் வழக்கம். ஜெர்மனி இதை 2022 முதல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் பார்க்கும் முறைகள் அங்கே இப்போது பயன்பாட்டில் உள்ளன.

மாடு ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. அதற்குக் குறைத்து ஊட்டி, மெல்லச் சாகவிடுவதை யாரும் கொலை என்று சொல்வதில்லை. எந்தக் கன்றாக இருந்தாலும் சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு (30 கிலோவுக்கு 3 லிட்டர்) முதல் நாளுக்குள் போக வேண்டும், அதில் பாதியாவது முதல் ஆறு மணி நேரத்துக்குள். அதன்பின் நோய் எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சும் திறன் குடலில் வேகமாகக் குறைந்துவிடும். பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் ஏறக்குறைய 90 சதவீதம் கிடாரிக்கன்றே பிறக்கும் என்பதால், வேண்டாத கன்றைப் பிறப்பிக்காமலே இருக்க இப்போது வழி உண்டு.

கொம்பு வளராமலிருக்கக் கன்றின் கொம்புக் குருத்தைச் சுடும்போது மரப்பு ஊசி போடாமல் நாலு பேர் கன்றை அமுக்கிப் பிடிப்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. கண்ணின் வெளிமூலைக்கும் கொம்பின் அடிக்கும் நடுவே, நெற்றிப்பொட்டு எலும்பு விளிம்புக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக்கு 5 மில்லி 2 சதவீத லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து. பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தவறு நடப்பது இந்தக் காத்திருப்பில்தான். ஊசி முனையால் குருத்தைச் சுற்றிக் குத்திப் பார்த்து, கன்று தலையை உதறாவிட்டால் மட்டும் சூட்டுக்கோலை எடுக்கலாம். மரப்பு ஓரிரு மணியில் தெளிந்துவிடும். வலி அதற்குப் பிறகும் இருக்கும் என்பதால் வலி நிவாரணியான மெலாக்சிகாமும் சேர்த்தே போட வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு இதே அளவு மருந்து ஆபத்து. மண்டையோடும் மெல்லியது, சூட்டுக்கோல் சில நொடி கூடினால் மூளையே வெந்துவிடும்.

இனி கத்தி. செம்மறிக்கு மின்சார மயக்கமூட்டலில் கண்ணுக்கும் காதுக்கும் இடையே இருபுறமும் முனை பதிய வேண்டும். குறைந்தது 1 ஆம்பியர், பிறகு 15 நொடிக்குள் அறுப்பு. கால் உதைப்பதை வைத்து நினைவு இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது, மயங்கிய ஆடும் உதைக்கும். பார்க்க வேண்டியது வேறு: விலாவில் சீரான மூச்சு, விழியைத் தொட்டால் இமை அசைவு, தலையைத் தூக்கும் முயற்சி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி மயக்கமூட்ட வேண்டும். மாட்டுக்குக் கழுத்து முள்ளெலும்புக்குள் ஓடும், கத்தி எட்டாத ரத்தக்குழாய் வழியாகவும் மூளைக்கு ரத்தம் போவதால், மயக்கமூட்டாமல் அறுத்தால் ஆட்டைவிட நீண்ட நேரம் நினைவோடு கிடக்கும்.

கோழியை அறுத்தபின் குறைந்தது 90 நொடி ரத்தம் வடியவிட்டுத்தான் வெந்நீரில் முக்க வேண்டும். இறகு நீக்கிய கோழியின் தோல் உடல் முழுக்கச் செக்கச்சிவந்து, கழுத்தில் வெட்டு ஆழமில்லாமல் இருந்தால், அது உயிரோடு வெந்நீருக்குள் போன கோழியாக இருக்கலாம்.