கால்வாய் கேட்ட பையன்

போன வாரம் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எக்ஸிபிஷன் நடந்தது. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில், தொடக்கக் கல்வியின் கடைசி ஆண்டில் பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வியை எடுத்து, வாரக்கணக்கில் தேடி, எல்லார் முன்னாலும் விளக்கும் நாள் அது. ஒரு பையன் சிங்கப்பூரின் தண்ணீரைப் பற்றிப் பலகை வைத்திருந்தான். பளபளப்பான அச்சு, அலுவலகக் கூட்டத்தில் காட்டுவது போன்ற வரைபடங்கள். "இதை ஏன்ப்பா எடுத்தாய்?" என்று கேட்டேன். அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். இந்த ஆண்டு இப்படி நிற்கும் நான்காவது பிள்ளை இவன்.

இதே பையன்தான் இரண்டு மாதத்துக்கு முன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "மிஸ், எங்க புளோக் பக்கத்துக் கால்வாய்ல தண்ணியே இல்ல, அப்புறம் ஏன் இவ்வளவு ஆழமா கட்டியிருக்காங்க?" என்று தமிழில் கேட்டான். அந்தக் கேள்வி பலகையில் எங்கும் இல்லை.

"புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை, பிள்ளை இஷ்டத்துக்கு ஏதோ செய்கிறது, டீச்சர் சும்மா நிற்கிறார்." ஒவ்வொரு பெற்றோர் சந்திப்பிலும் இதைக் கேட்கிறேன். தயவுசெய்து ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தக் கால்வாய்க் கேள்வியை வைத்துக்கொண்டே பாட்டிலில் மழையை அளக்கலாம், சராசரி எடுக்கலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் கார் நிறுத்துமிடத்தில் விழுவது எவ்வளவு? பரப்பளவு, கொள்ளளவு இரண்டும் வந்துவிட்டன. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? இந்தத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைப் பிடித்து நீர்த்தேக்கங்களுக்கு அனுப்புகிறது. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு அந்த ஏற்பாட்டில் ஒன்று. ஆக, அறிவியலும் சமூகப் பாடமும் வந்தாயிற்று. அறிக்கை எழுதும்போது மொழிப் பாடம். இவை தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு பாட அலகும் தொடங்குமுன்பே ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து திட்டமிடுகிறோம். பாடப்புத்தகத்தை வரி வரியாக நடத்துவது இதைவிட எனக்கு எளிது. வாய்ப்பாடும் எழுத்துக்கூட்டலும் தனியாகவும் நடக்கின்றன.

பரீட்சை இல்லை என்பதும் தவறு. மேல்நிலையில் ஐபி டிப்ளோமாவுக்கு ஆறு பாடம், பாடத்துக்கு 7 புள்ளி. ஒன்றை நமக்கு எப்படித் தெரியும் என்று ஆராயும் 'அறிவுக் கோட்பாடு' பாடத்துக்கும், பிள்ளை தானே ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும் சேர்த்து 3. மொத்தம் 45. பெரும்பாலான பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு.

அந்த நீள்கட்டுரைதான் எனக்குப் பயம். 4000 சொல் வரை பிள்ளையே எழுத வேண்டியது. பத்து வயதில் பலகையை அப்பா செய்தால், பதினேழு வயதில் கட்டுரையை டியூஷன் ஆசிரியர் எழுதுவார். பிடிபட்டால் அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. அது இல்லையென்றால் டிப்ளோமாவே இல்லை.

கத்தரிக்கோலையும் மடிக்கணினியையும் பிள்ளையிடமே கொடுங்கள். கோணல்மாணலாக இருக்கட்டும். "இன்னிக்கு என்ன மார்க்?" என்று கேட்காமல் "இன்னிக்கு என்ன கேட்டே?" என்று கேளுங்கள், அதுவும் தமிழில். வீட்டு மொழியில் யோசிப்பதை ஐபி வரவேற்கிறது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தேடிக் கொடுக்காதீர்கள்.

அந்த அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: அடுத்த பெருமழை விட்டதும் பையனைக் கீழே கூட்டிப்போய், கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று, கால்வாயில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவன் பேசுவான்.