'கிளிக்' சத்தத்தை நம்பிப் பழைய கேமரா வாங்காதீர்கள்

பழைய பிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இப்போதெல்லாம் என் மேசைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் ஆன்லைனில் அண்மையில் வாங்கியவை. "நன்றாக வேலை செய்கிறது" என்று விற்றவர் எழுதியிருப்பார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பட்டனை அழுத்தினார், கிளிக் என்றது. அவருக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

கையடக்க கேமராக்களில், பிலிமுக்கு ஒளியைத் திறந்துவிடும் ஷட்டர் என்பது பெரும்பாலும் லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய உலோக இதழ்கள்தான். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கேமராவில் எண்ணெய் மெல்லப் பரவி இதழ்களை ஒட்டவைத்துவிடும். ஸ்பிரிங் அடிக்கும், சத்தமும் வரும், இதழ் மட்டும் திறக்காது. அதனால் பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கி (சூரியனை நோக்கி அல்ல) பிடித்து, பின்பக்கத்திலிருந்து லென்ஸைப் பார்த்தபடி அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒளி மின்னி மறைய வேண்டும். சில எளிய மாடல்களில் பிலிம் இல்லாமல் ஷட்டர் ஏறாது, அதாவது அடிக்கத் தயாராகாது. உள்ளே இருக்கும் பற்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். ஆன்லைனில் வாங்குவதானால் விற்பவரிடம் இதையே வீடியோவாகக் கேளுங்கள்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1984 வரை தயாரான அருமையான கேமரா, பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் செல் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, ஒளியை அளக்கும் மீட்டரை நகர்த்தும். வெளிச்சம் போதாவிட்டால் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) சிவப்புக் கொடி எழும், ஷட்டர் பூட்டிக்கொள்ளும். "கொடி வருகிறது, மீட்டர் சரியாக இருக்கிறது" என்று விளம்பரத்தில் படம் போடுவார்கள். செல் செத்துப்போன கேமராவிலும் கொடி வரும்! அதற்கு உலகமே இருட்டுதானே. எனவே இரண்டையும் பாருங்கள்: 'ஏ'யில் (தானியங்கி அமைப்பில்) வைத்து, லென்ஸைக் கையால் மூடினால் கொடி வர வேண்டும், நல்ல பகல் வெளிச்சத்தில் கொடி வராமல் ஷட்டர் விழ வேண்டும்.

பேட்டரி வேண்டிய கேமராக்களில் சிக்கல் வேறு. ரோலை 35, கேனனட் போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. சுற்றுச்சூழல் காரணங்களால் அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். போட்டால் பொருந்தும், மீட்டர் முள்ளும் ஆடும். ஆனால் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் நம்பிவிடும், படங்கள் இருண்டு போகும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரியை, அளவு பொருந்துவதற்கான சிறு வளையத்துடன் போடுவது நல்ல மாற்று. ஒட்டுத்தாளை உரித்த பிறகு அதன் ஆயுள் குறைவு, பரவாயில்லை. பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அரிப்பு உள்ளே ஒயர் வரைக்கும் போயிருக்கலாம்.

பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் கருப்பு ஸ்பாஞ்சை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. இதற்காகக் கேமராவை ஒதுக்க வேண்டாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மரக்குச்சியால் சுரண்டி, புது ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொள்ளலாம். லென்ஸில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், வேறு கேமரா கிடைக்கும்.

தொண்ணூறுகளின் ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் மேல் இப்போது பலருக்கும் மோகம். கான்டாக்ஸ் டி2, ஒலிம்பஸ் மியூ 2 எல்லாம் அற்புதமான லென்ஸ் கொண்டவைதான், மறுக்கவில்லை. ஆனால் சர்க்யூட் போனால் உதிரிபாகம் கிடைக்காது. செத்துப்போன இன்னொன்றிலிருந்து கழற்றித்தான் போட வேண்டும். முதல் கேமராவாக இவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பிளாஷ் உள்ள எதையும் நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் இருக்கும். வீடியோ பார்த்துத் திறப்பவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை.

சரி, கேமரா கைக்கு வந்துவிட்டது. முதல் ரோலைப் புதிய பிலிமாகப் போடுங்கள். காலாவதியான பிலிமில் சோதித்தால் கோளாறு கேமராவிலா பிலிமிலா என்று தெரியாது. லீவரால் பிலிமை நகர்த்தும்போது ரீவைண்ட் குமிழும் (பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால், பிலிம் மாட்டவில்லை.

கழுவிய பிறகு ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். ரோல் முழுக்கப் படமே இல்லாமல் வெறுமையாக ஒளி ஊடுருவும்படி இருந்து, ஓரத்தில் எண்கள் மட்டும் தெரிந்தால் பிலிமில் வெளிச்சமே படவில்லை: ஷட்டர் திறக்கவில்லை, அல்லது பிலிம் நகரவில்லை. அந்த எண்களும் இல்லையென்றால் கழுவியதில்தான் கோளாறு. படத்தைத் தாண்டி ஓரத்துளைகள் வரை கரும்பட்டை ஓடினால் பின்மூடி வழியாக வெளிச்சம் கசிகிறது. பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது அந்த நெகட்டிவும் கூட இருந்தால், கேமராவை முழுக்கப் பிரிக்காமலேயே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.