செலினியம் மாத்திரை: எந்த அளவு வரை பாதுகாப்பு?

சீனாவின் கெஷான் வட்டாரத்தில் 1935ஆம் ஆண்டு இதயத்தசை நோயால் பலர் இறந்தனர். அங்குள்ள மண்ணிலும் அதில் விளைந்த தானியங்களிலும் செலினியம் என்னும் தாதுச்சத்து மிகவும் குறைந்திருந்ததே முக்கியக் காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. அதே நாட்டின் என்ஷி பகுதியிலோ, 1960களின் தொடக்கத்தில், மக்களின் தலைமுடியும் நகங்களும் உதிர்ந்தன. செலினியம் மிகுந்த நிலக்கரிப் படிவங்களிலிருந்து அது விளைநிலத்துக்குள் இறங்கி, பயிர்களின் வழியே நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிகிராம் (5,000 மைக்ரோகிராம்) அளவுக்கு அவர்களின் உடலில் சேர்ந்திருந்தது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 55 மைக்ரோகிராம் மட்டுமே. குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியின் செயல்மையத்தில் இருந்துகொண்டு, உயிரணுக்களில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்ற உதவுவதால்தான் செலினியம் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களின் வரிசையில் வைக்கப்படுகிறது. ஆனால் இந்த நொதி ஓரளவுக்கு மேல் பெருகுவதில்லை. அந்த அளவு நிறைந்த பிறகு விழுங்கும் செலினியத்தால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. மாறாக, செலினைட் போன்ற செலினிய உப்பு வடிவங்கள் மிகும்போது, உயிரணுக்களைக் காக்கும் குளுட்டாதையோன் என்னும் சேர்மத்துடன் வினைபுரிந்து, எதைத் தடுக்க வேண்டுமோ அந்த ஆக்சிஜனேற்றத்தையே தூண்டுகின்றன.

பாதுகாப்பான உச்ச வரம்பாக அமெரிக்கா 400 மைக்ரோகிராமை வைத்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 255 ஆகக் குறைத்தது. இது உணவையும் சேர்த்த கணக்கு. ஒரே ஒரு பிரேசில் கொட்டையில் 68 முதல் 91 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்னும்போது, 200 மைக்ரோகிராம் மாத்திரையோடு சத்து மாத்திரை ஒன்றையும் சேர்த்து எடுப்பவர் வரம்பைத் தாண்டுவது எளிது.

வரம்பு மீறினால் மூச்சில் பூண்டு வாடை வீசும். உடல் மிகுதியை டைமெத்தில் செலினைடு என்னும் ஆவியாக வெளியேற்றுவதன் அடையாளம் அது. வாயில் உலோகச் சுவை, குமட்டல், வயிற்றுப்போக்கு, களைப்பு, நகம் உடைதல், முடி உதிர்தல் ஆகியவையும் ஏற்படலாம். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றிலும் செலினியம் சேர்க்கப்படுவதால், முடி கொட்டுகிறதே என்று அவற்றை வாங்குவோர் மொத்த அளவைக் கூட்டிப் பார்ப்பது மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 35,533 ஆண்களிடம் 2001இல் தொடங்கிய செலக்ட் ஆய்வில், தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைக் குறைக்காததால், 2008இல் மாத்திரை நிறுத்தப்பட்டது. உடலில் ஏற்கெனவே செலினியம் மிகுந்திருந்தவர்களுக்குத் தீவிர வகைப் புற்றுநோயின் அபாயம் கூடியிருந்தது பின்னர் தெரிந்தது.

நச்சுத்தன்மை தோன்றினால் முதல் சிகிச்சை மாத்திரையை நிறுத்துவதே. ஆயினும் செலினோமெத்தியோனின் வடிவில் உட்கொண்ட செலினியம், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் தசைப் புரதங்களில் புகுந்து, அப்புரதங்கள் சிதையச் சிதைய மெல்ல வெளிவருவதால், இரத்தத்தில் அதன் அளவு இறங்கப் பல வாரங்கள் ஆகும்.