பவுடரி: தூளும் இல்லை, பொடியும் இல்லை

இணையக் கடைகளுக்குப் பொருள் விவரம் தமிழாக்குவது என் பிழைப்பு. மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸி முதல் மெத்தை வரை எல்லாவற்றையும் தமிழில் விற்கிறேன். போன மாதம் ஒரு செண்ட் பாட்டில் வந்தது. விவரம் மூன்றே சொல்: எலிகன்ட் பவுடரி ஃப்ளோரல். எனக்கு முன்னால் ஏதோ ஒரு மென்பொருள் அதை "நேர்த்தியான தூள் மலர்" என்று மாற்றி வைத்திருந்தது. படித்ததும் மிளகாய்த்தூள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

தூள் என்றால் நமக்கு மஞ்சள்தூள், காப்பித்தூள். அதை விட்டால் 'தூள் கிளப்பிட்டான்'. சரி, பொடி என்று போடலாமா? 'பொடி வாசனை' என்றால் ஒரு பக்கம் இட்லிப்பொடி, மறுபக்கம் எங்கள் பெரியப்பாவின் பொடிமட்டை. மாவு வாசனை? அது சமையலில் குற்றப்பெயர். பஜ்ஜி உள்ளே வேகவில்லை என்று அர்த்தம்.

முதலில் அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று பார்க்கலாம். பாட்டிலுக்குள் பவுடர் எதுவும் கிடையாது. சாராயமும் வாசனை எண்ணெய்களும்தான். பவுடரி என்பது மூக்குக்கு வரும் ஒரு தொடு உணர்வின் பெயர். ஈரம் இல்லாதது, உலர்ந்தது, மெத்தென்றது, லேசாக இனிப்பது. மல்லிகையைப் போல முகத்தில் வந்து மோதாது. எலுமிச்சையைப் போலச் சுருக்கென்று ஏறி இறங்கிவிடாது. தோலுக்கு ஒரு விரற்கடை மேலே மிதந்துகொண்டே இருக்கும். கிட்டே வந்தவருக்குத்தான் தெரியும். இதன் கவர்ச்சியே அந்த அடக்கம்தான் என்பேன்.

சொல்லின் வழி நேரானது. லத்தீனில் 'புல்விஸ்' என்றால் தூசி. அது பிரெஞ்சுக்குப் போய்ப் 'பூத்ர்' ஆகி, ஆங்கிலத்தில் பவுடர் ஆகி, நம் வீட்டு அலமாரியில் தகர டப்பாவாக வந்து உட்கார்ந்தது. பெர்ஃப்யூமும் லத்தீன்தான், 'புகை வழியாக' என்று பொருள். ஆக, பவுடரி பெர்ஃப்யூம் என்றால் வேர்ச்சொல் கணக்கில் தூசும் புகையும். மும்பைக்காரர்களுக்கு இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் முகப்பவுடரின் கல்லான டால்க்குக்குச் சொந்தமாக வாசனையே இல்லை. அப்படியானால் பவுடர் வாசனை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ஒரு கிழங்கிலிருந்து. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கம் பயிராகும் ஐரிஸ் செடியின் பூ பார்க்க அழகு, ஆனால் வாசனைக்காரருக்கு வேண்டியது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. தோண்டியெடுத்த புதிதில் அதில் அந்த வாசனை இருக்காது. தோல் சீவி, காயவைத்து, இரண்டு மூன்று வருடம், சில சமயம் அதற்கு மேலும் சும்மா கிடக்கவிட்டால், உள்ளே இருக்கும் பொருள்கள் மெல்ல மாறி 'ஐரோன்' என்ற மணப்பொருள் உருவாகும். இந்தக் கிழங்கை அரைத்துத்தான் ஐரோப்பாவில் முகத்துக்கும் பொய்முடிக்கும் துணிப்பெட்டிக்கும் தூவினார்கள். மூக்கு கிழங்கின் மணத்தையும் பவுடரையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. அப்புறம் கிழங்கு திரவமாகப் பாட்டிலுக்குள் போனாலும் மூக்கு 'பவுடர்' என்றே சொன்னது.

இரண்டாவது கூட்டாளி வயலட் பூ. 1893-இல் ஜெர்மனியில் வேதியியலர்கள் டீமனும் க்ரூகரும் 'அயனோன்' என்ற பொருளைச் செய்தபின் அந்தப் பூவின் வாசனை மலிவாகக் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போய் வாசனை காணாமல் போகும். சற்று விட்டு முகர்ந்தால் திரும்பவும் வரும். கடையில் பேப்பர் பட்டையில் அடித்துக் கொடுப்பார்களே, அதில் நானே பார்த்தேன். மூன்றாம் முறை மோந்தபோது வெறும் காகிதம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், பூ தன் இடத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது ஹெலியோட்ரோப். பெரு நாட்டுப் பூ. நம் ஊர் வரப்போரத் தேள்கொடுக்குப் பூண்டு இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஒரே பேரினம். பாதாமும் வனிலாவும் கலந்தது போன்ற இதன் மணம் கொண்ட 'பைப்பரோனல்' என்ற பொருளை 1869-இல் மிளகின் காரப்பொருளான பைப்பரினிலிருந்து செய்துகாட்டினார்கள். மிளகின் லத்தீன் பெயரான பைப்பரின் அடியில் இருப்பது வடமொழிப் பிப்பலி, நம் திப்பிலி. இருமலுக்கு அரைக்கும் சரக்கின் பெயர் இப்படி அழகுமேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த மூன்றையும் ஒன்றாக முகர வேண்டுமானால் 1912-இல் பிரெஞ்சு வாசனைக்காரர் ழாக் கெர்லன் செய்த 'லர் ப்ளூ' செண்ட் இருக்கிறது. ஐரிஸின் உலர்ந்த பக்கம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு 1970-இல் வந்த ஷனெல் நம்பர் 19. 2000-இல் வந்த கென்ஸோவின் 'ஃப்ளவர்' பாட்டிலில் சிவப்புப் பாப்பிப் பூ நிற்கும். பாப்பிக்கு வாசனை கிடையாது; இல்லாத வாசனையைப் பவுடரும் வயலட்டும் வைத்துக் கற்பனை செய்திருக்கிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் பொருள் புதிதல்ல. "வண்ணமும் சுண்ணமும் தண்நறுஞ் சாந்தமும் பூவும் புகையும்" விற்றுத் திரிந்தவர்களைச் சிலப்பதிகாரம் புகார் நகரத் தெருவில் காட்டுகிறது. சுண்ணம் என்றால் வாசனைப்பொடி. திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் என்று பெண்கள் அதை இடித்துக்கொண்டே பாடும் பதிகம் உண்டு. சீவக சிந்தாமணியில் சுரமஞ்சரிக்கும் குணமாலைக்கும் யார் சுண்ணம் உயர்ந்தது என்று போட்டியே நடக்கிறது. சீவகன் இரண்டையும் காற்றில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தை மொய்த்துக்கொள்கின்றன. தோற்ற சுரமஞ்சரி இனி ஆண்களையே பார்ப்பதில்லை என்று கன்னிமாடத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். செண்ட்டுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் இவ்வளவு தீவிரமாக இருப்பதில்லை.

அப்படியானால் 'சுண்ண மணம்' என்று போட்டுவிடலாமே? போடலாம், ஆனால் இன்றைக்கு அதைப் படிப்பவருக்கு வெள்ளையடித்த சுவர்தான் தோன்றும். வடமொழிச் சூர்ணம் பிராகிருதத்தில் சுண்ணமாகி இங்கே வந்தது என்று பெரும்பாலும் சொல்வார்கள், தமிழ்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் சுண்ணாம்பும் மருந்துக்கடைச் சூரணமும் பக்கத்திலேயே நிற்கின்றன. சுண்ணாம்பைத் தாண்டி வாசனைக்குப் போவது கஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் கொங்கு. தேன், பூந்தாது, வாசனை மூன்றுக்கும் பழந்தமிழில் அந்த ஒரே சொல். இனிப்பு, பொடி, மணம் என்று பவுடரியின் மூன்று குணமும் அதற்குள் அடக்கம். ஆனால் பாட்டிலில் 'கொங்கு மணம்' என்று எழுதினால் கோயம்புத்தூர்த் திருமணத் தகவல் நிலையம் என்று நினைப்பார்கள்.

கடைசியில் நான் நின்றது பூந்துகளில். துகள் என்பதில் மிளகாயும் இல்லை, மூக்குப்பொடியும் இல்லை. பூவோடு சேர்ந்தால் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஃப்ளோரலும் பவுடரியும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடும். எலிகன்ட் என்பதற்கு லத்தீனில் 'தேர்ந்தெடுக்கத் தெரிந்த' என்ற கருத்து. அதற்கு நேர்த்தியைவிட நயம் பொருத்தம். மளிகைக்கடையில் நயம் துவரம்பருப்பு என்று போர்டு வைப்பார்களே, அதே நயம். ஆக, நயமான பூந்துகள் மணம்.

எழுதி அனுப்புவதற்கு முன் சாம்பிள் பாட்டிலை அத்தையிடம் நீட்டினேன். ஐம்பது வருஷமாக மாட்டுங்காவில் இருப்பவர், இன்னமும் ஸ்டேஷன் பக்கம் பூ வாங்கினால் முழம் போடுகிற கையைக் கண் கொட்டாமல் பார்ப்பார். மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி, கண்ணை மூடி மோந்தார்.

"என்னடா இது, பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு."

அவர் சொன்ன பீரோ எனக்கும் தெரியும். மேல்தட்டில் பட்டுப்புடவை, அதன் மடிப்பில் காய்ந்துபோன தாழம்பூ, மூலையில் திருகுமூடி கொண்ட பவுடர் டப்பா. மூடியைத் திருப்பினால் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேரும், தட்டினால் உள்ளங்கையில் ஒரு வெள்ளை வட்டம் விழும். மொழிபெயர்ப்பைக் காட்டினேன். "பவுடர் வாசனைன்னு போடு, எல்லாருக்கும் புரியும்" என்றார்.

நான் கேட்கவில்லை. பூந்துகள் என்றே அனுப்பினேன். இரண்டு நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து பதில் வந்தது: பூந்துகள் என்றால் மகரந்தமாமே, படிக்கிறவர்கள் அலர்ஜி வரும் என்று பயப்பட மாட்டார்களா? இப்போது அந்தப் பக்கத்தில் 'நயமான பவுடர் வாசனை, பூக்களின் சாயலோடு' என்று இருக்கிறது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.