உறக்கத்துக்கு ஒரு கோப்பை சீமைச் சாமந்தி

உலர்ந்த சீமைச் சாமந்திப் பூ ஒன்றை எடுத்து, அதன் நடுவிலுள்ள மஞ்சள் குமிழை நகத்தால் இரண்டாகப் பிளந்து பார்த்தால், உள்ளே ஒன்றுமில்லாமல் கூடாக இருக்கும். கெமோமைல் என்ற பெயரில் விற்கப்படும் பூக்களுள் இது ஜெர்மானிய வகை என்பதற்கு அந்தக் கூடுதான் அடையாளம். ரோமானிய வகையின் குமிழ் உள்ளே கெட்டியாக இருக்கும். பிளந்த பூவை முகர்ந்தால் ஆப்பிள் பழத்தின் வாசம் மெல்லிதாக எழும். கிரேக்கர்கள் இச்செடிக்குத் 'தரை ஆப்பிள்' என்று பொருள்படும் பெயரை இட்டதும், ஸ்பானிய மொழியில் இன்றும் 'சிறு ஆப்பிள்' என்ற பொருளில் மன்சனியா என்று அழைப்பதும் இந்த வாசத்தால்தான். படுக்கைக்குப் போகும் முன் இந்தப் பூவை வெந்நீரில் ஊறவைத்துக் குடித்தால் நல்ல உறக்கம் வரும் என்பது ஐரோப்பியப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வைத்தியம். இப்போது அது நம் ஊர்க் கடைகளிலும் சிறு பைகளில் வந்துவிட்டதால், அந்தக் கோப்பைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேநீர் என்று நாம் சொன்னாலும், தேயிலைச் செடிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது நம் கசாயத்துக்கு நெருங்கிய உறவு. கசாயத்துக்கு வேரையும் பட்டையையும் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறோம். பூவையும் இலையையும் அப்படிச் செய்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும் என்பதால், கொதித்து இறக்கிய நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். ஊறும்போது கோப்பையைத் தட்டால் மூடி வைப்பது முக்கியம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் துளித்துளியாக நீர் கோத்திருப்பது தெரியும். பூவிலிருந்து ஆவியாகக் கிளம்பிய எண்ணெயில் ஒரு பங்கு அந்தத் துளிகளில் இருக்கிறது. அவற்றைத் தட்டிக் கோப்பைக்குள்ளேயே விழச் செய்ய வேண்டும்.

பூவிலுள்ள வேதிப்பொருள்களில் அதிகம் பேசப்படுவது அபிஜெனின். நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருந்தால் உறக்கம் என்பதே இருக்காது. அந்தத் தூண்டலை அடக்குவதற்கென்று மூளை காபா என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்துகிறது. நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் காபா சென்று அமர்ந்ததும் அங்கே ஒரு நுண்ணிய வாயில் திறந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே நுழைகின்றன. அதன் பிறகு அந்த அணுவை எளிதில் தூண்ட முடியாது. பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாம் போன்ற மருந்துகள் இதே ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபாவின் அழைப்புக்கு வாயில் அடிக்கடி திறக்குமாறு செய்கின்றன. டயசிபாம் ஒட்டும் அந்த இடத்தில் அபிஜெனினும் ஒட்டுகிறது என்று அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 1995-இல் கண்டறிந்தார்கள். அபிஜெனின் ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட சுண்டெலிகளிடம் பதற்றம் குறைந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு, சீமைச் சாமந்தியை இயற்கை தந்த தூக்க மாத்திரை என்று எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊசியில் செலுத்தும் தூய பொருள் வேறு, கோப்பையில் இறங்கும் சாறு வேறு. அபிஜெனின் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. பூவில் அதன் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறு ஒன்றோடு பிணைந்திருப்பதால்தான் ஓரளவாவது நீரில் இறங்குகிறது. பின்னர் அந்தச் சர்க்கரை குடலில் பிரிந்து, எஞ்சியது குடற்சுவரைக் கடந்து, கல்லீரலில் உருமாறாமல் தப்பியது மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாள்பட்ட உறக்கமின்மை உள்ள 34 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கெமோமைல் சாற்று மாத்திரையை 28 நாள் உட்கொண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் உறங்கிய நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தைவானில் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார் 80 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் இந்தத் தேநீரை அருந்தியவர்களுக்கு இரண்டு வாரத்தில் கிடைத்த சிறிய நன்மை நான்காவது வாரத்தில் நிலைக்கவில்லை.

அப்படியானால் குடித்தவர்கள் உணரும் இதம் வெறும் கற்பனையா என்றால், இல்லை. பூவை மட்டுமே பார்த்துக்கொண்டு, கோப்பையில் நிறைந்திருக்கும் வெந்நீரை நாம் மறந்துவிடுகிறோம்.

இரவு நெருங்கும்போது நம் உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கி, விடியலுக்குச் சற்று முன்புவரை ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றுவதற்காகக் கைகளிலும் பாதங்களிலும் உள்ள இரத்தக்குழாய்கள் விரிகின்றன. உறக்கம் வருவதற்கு முன் உள்ளங்கால் கதகதப்பாவது இதனால்தான். பாதம் சூடாவதற்கும் சீக்கிரம் உறங்குவதற்கும் உள்ள நெருங்கிய தொடர்பைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் அளந்து காட்டினார்கள். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் குளித்தால் ஏறத்தாழ பத்து நிமிடம் முன்னதாகவே உறக்கம் பிடிக்கிறது என்பது 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. தோல் சூடாகி, குழாய்கள் விரிந்து, உள்ளே இருந்த வெப்பம் வெளியேறிவிடுவதே காரணம்.

ஒரு கோப்பை வெந்நீர் இதைச் செய்யுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 டிகிரிச் சூட்டில் 200 மில்லி நீர் உடல் வெப்பத்துக்கு ஆறும்போது வெளிவிடுவது ஐந்து கிலோ கலோரிக்கும் குறைவு. 60 கிலோ எடையுள்ள உடலை அது பத்தில் ஒரு டிகிரி கூட உயர்த்தாது. ஆயினும் சூடான பானம் உள்ளே போனதும் நெற்றியில் வியர்வை முத்துக் கோப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் மிதிவண்டி ஓட்டுநர்களைக் கொண்டு நடத்திய சோதனைகளில், வயிற்றுப் பகுதியிலுள்ள வெப்ப உணரிகளே சூடான நீரை அறிந்து வியர்வையைக் கூட்டுகின்றன என்று தெரியவந்தது. ஆகவே கோப்பையிலுள்ள சூடு உடலைச் சூடாக்குவதை விட, வெப்பத்தை வெளியேற்று என்று உடலுக்குச் சொல்லும் ஒரு சைகையாகவே வேலை செய்கிறது என்று நான் கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய நன்மை, அந்தக் கோப்பை எந்தக் கோப்பையின் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போய் நமக்கு அசதியைத் தருகிறது. காபியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன் அந்த அடினோசின் அமர வேண்டிய ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. உட்கொண்ட காஃபீனில் பாதி குறைவதற்கே பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உறக்கத்தை இழந்தார்கள் என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவ்வளவு காபியை ஒரே வேளையில் நாம் குடிப்பதில்லை என்றாலும், இரவு எட்டு மணிக்கு மேல் டிபனோடு ஃபில்டர் காபி குடிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். உடம்புக்கு நல்லது என்று இரவில் கிரீன் டீ குடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அதுவும் தேயிலையே, அதிலும் காஃபீன் உண்டு.

மற்ற மூலிகைகளில் வலேரியன் வேரின் அமிலம் ஒன்றும் காபா ஏற்பியில் வேலை செய்கிறது. ஆனால் வியர்த்த காலுறையை நினைவூட்டும் அதன் நாற்றத்தைத் தாண்டிக் குடிப்பதே சிரமம், ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. நம் வீடுகளில் பாலில் இழைத்துக் கொடுக்கும் சாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக்கூடாது. கரண்டிக் கணக்கில் போனால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

சீமைச் சாமந்தியும் எல்லோருக்கும் ஏற்றதன்று. நம் சாலையோரங்களில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை; பார்த்தீனியத்தால் தோல் தடிப்போ மூச்சிரைப்போ வந்தவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொண்டுவந்த 70 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, இந்தத் தேநீரையும் இதே பூவின் களிம்பையும் பயன்படுத்திய பிறகு உடலுக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டதை 2006-இல் கனடிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வாரத்தில் மூன்று நாளாவது உறக்கம் கெட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், தேநீரை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; உறங்கும் பழக்கங்களையும் அது பற்றிய அச்சங்களையும் திருத்தும் உளவியல் சிகிச்சையையே மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலிருந்து முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது.

குடிப்பவர்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து முடித்துவிட வேண்டும். உடல் தன் வெப்பத்தை இறக்கிக்கொள்ள அந்த நேரம் தேவை. குடித்த 200 மில்லி நீர் சிறுநீர்ப்பைக்கு வந்து நள்ளிரவில் எழுப்பாமல் இருக்கவும் அதே அவகாசம் உதவும்.