கல்லறையைத் திறந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

ஜப்பானின் சக்காய் நகரத்தில் தைசென் கோஃபுன் என்ற ஈமக்குன்று இருக்கிறது (கோஃபுன் என்றாலே பழங்கால ஈமக்குன்றுதான்). சாவித் துவார வடிவம், 486 மீட்டர் நீளம். அரசக் குடும்பத்தின் கல்லறை என்பதால் அரச மாளிகை முகமை பொதுமக்களை உள்ளே விடுவதில்லை, ஆய்வாளர்களுக்கும் அனுமதி அரிது. "ஏன் தோண்டவில்லை? எதை மறைக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் நிறைய. ஆய்வாளர்களை இன்னும் தாராளமாக அனுமதிக்கலாம் என்பது என் கருத்தும்தான். ஆனால் சுவரோவியப் பாதுகாப்பு வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், திறக்காமல் கிடப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. தகாமட்சுசுகா என்ற இன்னொரு கல்லறைக்கு நடந்தது அப்படி.

அது நாரா மாவட்டத்து அசுகா கிராமத்தில் உள்ள சின்னக் குன்று. கோஃபுன் கட்டும் வழக்கம் கிட்டத்தட்ட 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 7-ஆம் நூற்றாண்டோடு ஓய்ந்தது. இது அதன் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கல் அறை. சுவரில் மெல்லிய சுண்ணச் சாந்து, அதன்மேல் வண்ண உடை அணிந்த ஆண்களும் பெண்களும், கூரையில் விண்மீன்கள். எப்போதோ திருடர்கள் தெற்குச் சுவரை உடைத்து நுழைந்திருந்தார்கள். ஆனாலும் மண் மறுபடி மூடிக்கொண்டதால் மற்ற ஓவியங்கள் பிழைத்தன. 1972 மார்ச்சில் ஆய்வாளர்கள் திறந்தபோது ஜப்பானே பரபரப்பானது. 1974-ல் அவை தேசியப் பொக்கிஷமாயின.

மண்ணுக்குள் மூடிக்கிடக்கும் அறையில் வெப்பம் அவ்வளவாக மாறாது, ஈரப்பதம் எப்போதும் உச்சத்தில் இருக்கும், வெளிச்சம் கிடையாது. நுண்ணுயிர்கள் அங்கேயும் உண்டு, ஆனால் ஒரு சமநிலையில் அடங்கிக் கிடக்கும். ஓர் ஆள் உள்ளே போனாலே உடல் சூடும் மூச்சின் ஈரமும் உடையில் ஒட்டிய பூஞ்சை வித்துகளும் கூடவே போகின்றன. தகாமட்சுசுகாவில் குளிரூட்டும் கருவியோடு பாதுகாப்புக் கட்டடம் கட்டினார்கள், மருந்தும் அடித்தார்கள். எங்கள் தொழிலில் மருந்து என்பது கடன் வாங்குவது மாதிரி, அப்போதைக்குச் சமாளிக்கலாம். பழைய நிலநடுக்கங்கள் குன்றில் ஏற்படுத்திய விரிசல் வழியாகத் தண்ணீரும் பூச்சிகளும் வந்தன. 2001-ல் நுழைவுப் பகுதியில் நடந்த பணிக்குப் பின் பூஞ்சை பெருகியது. 2002-ல் வேலையின்போது ஓவியமே சேதமானது. அதை 2006 வரை வெளியே சொல்லவில்லை. பூஞ்சையைவிட எனக்கு அதிகக் கோபம் இதில்தான். மேற்குச் சுவரில் வரைந்திருந்த வெண்புலியின் கோடுகளும் மங்கிப்போயிருந்தன.

கடைசியில் 2007-ல் அறையின் 16 கற்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே எடுத்தார்கள். சீரமைப்பு முடிய 2020 ஆகிவிட்டது. ஓவியங்கள் இன்னும் குன்றுக்குள் திரும்பவில்லை.

பக்கத்திலேயே இருக்கும் கிட்டோரா என்ற ஓவியக் கல்லறையில் முறை வேறு. 1983-ல் சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். வடக்குச் சுவரில் பாம்பு சுற்றிய ஆமை தெரிந்தது. 1998-ல் மறுபடி பார்த்தபோது கூரையில் வான்படம். அவசரப்படவில்லை, சரி. ஆனால் சாந்து கல்லைவிட்டுக் கழன்று தொங்கியது தெரிந்ததும் வேறு வழியில்லை. 2004 முதல் ஓவியங்களைப் பெயர்த்து எடுத்தார்கள்.

நான் பாராட்டுவது இபராக்கி மாவட்டத்து தொராசுகா என்ற ஓவியக் கல்லறையை. 1973-ல் அதைத் திறக்கும் முன்பே உள்காற்றை அளந்துகொண்டார்கள்: 15 டிகிரி வெப்பம், 92 சதவீத ஈரப்பதம். இன்றும் அதே நிலையைக் காப்பாற்ற அந்த எண்கள்தான் அளவுகோல். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள் மட்டும் கண்ணாடி வழியாகப் பார்க்க விடுகிறார்கள்.

சுற்றுலா போகிறவர்களுக்கு: கல்லறைக்குள் நடந்து பார்க்க ஆசையென்றால் அசுகாவின் இஷிபுதாய்க்குப் போங்கள். மண்மேடு எப்போதோ கரைந்துவிட்டது, ஓவியம் எதுவும் இல்லை, சுமார் 77 டன் கூரைக்கல்லுக்குக் கீழே தாராளமாக நிற்கலாம். தகாமட்சுசுகாவில் குன்றுக்குப் பக்கத்தில் உள்ள காட்சிக்கூடத்தில் இருப்பவை நகல்கள். அசலைப் பார்க்க, பாதுகாப்புக் கூடம் திறக்கும் நாட்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.