கற்றல் தரம்: சொல்லும் பொருளும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நாள் பாடத்திட்டத்தைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் 'உள்ளடக்கத் தரம்', மற்றதில் 'கற்றல் தரம்'. முதலாவதற்கு 1.1 போல இரண்டு எண், இரண்டாவதற்கு 1.1.1 போல மூன்று எண். பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சொற்கள் சரளமாகப் புழங்குகின்றன. ஆனால், 'தரம்' என்றதும் கேட்பவர் மனத்தில் எழும் பொருள் வேறு. தரமான பள்ளி, தரங்கெட்ட பேச்சு என்று பழகிய காதுக்கு, கற்றல் தரம் என்பது பிள்ளை எவ்வளவு நன்றாகப் படிக்கிறான் என்பதைக் குறிப்பதாகவே படும். கல்வி அமைச்சின் கலைத்திட்ட ஆவணத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஒரு பாடத்தில், ஓர் ஆண்டில், மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த வரையறைதான் கற்றல் தரம். பிள்ளை அதில் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லும் சொல் 'அடைவுநிலை'.

ஆங்கிலத்தின் ஸ்டாண்டர்ட், பழைய பிரெஞ்சில் போர்க்களத்தில் நாட்டிய கொடியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. படை சிதறாமல் கூடுவதற்கான அடையாளம் அது. பின்னர் அரசர் வகுத்த எடைக்கும் அளவுக்கும் பெயராகி, கடைசியில் பள்ளிக்குள் நுழைந்தது. தமிழின் 'தரம்' வேறு வழியில் வந்தது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வரிக்காக வகைப்படுத்தும்போது தரம் என்ற சொல் வருகிறது; வகைப்படுத்தாத நிலம் 'தரமிலி'. ஆகவே, வகுத்து வைத்த நிலை என்ற பொருள் தமிழில் பழையதுதான். பண்பைக் குறிக்கும் பொருள் இன்று அதை அமுக்கிவிட்டது. இலங்கையிலோ தரம் என்றால் வகுப்பு. அங்கே தரம் 5 என்பது நம் ஆண்டு 5. யாழ்ப்பாணத்து உறவினரிடம் 'கற்றல் தரம்' பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. கணினித் துறையினர் புழங்கும் 'செந்தரம்' இக்குழப்பத்தைத் தவிர்க்கும் நல்ல சொல். ஆனாலும், இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி நூலிலும் ஆவணத்திலும் ஊறிப்போன 'தரம்' என்பதை இனி மாற்றுவது வீண் வேலை.

கரிகுலம் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ஓட்டத்தையும் ஓடுதளத்தையும் குறித்தது. கல்விப் பொருளில் அது 1633இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பதிவில் காணப்படுகிறது. மலாயில் குரிகுலும். தமிழில் கலைத்திட்டம் என்கிறோம். 'கலை' என்பதைக் கல் என்ற வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு, வடமொழிக் கலா என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஓவியம் நடனத்துக்கான திட்டம் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. தொல்லை தருவது 'பாடத்திட்டம்' என்ற சொல்தான். தமிழ்நாட்டில் அது ஓர் ஆண்டு முழுவதற்குமான சிலபஸ். இங்கே நாள் பாடத்திட்டம், ஆண்டுப் பாடத்திட்டம் என்று ஆசிரியர் எழுதும் வேலைத்திட்டத்துக்கும் அதுவே பெயர். சென்னையில் அச்சான கல்வியியல் நூலைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் பயிற்றுப்பணிக்குப் போகும் மாணவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சிலபஸுக்கு மலாயில் சுக்காத்தான் பெலாஜாரான் என்று பெயர். சுக்காட் என்றால் அளத்தல். எவ்வளவு பாடம் நடத்த வேண்டும் என்ற அளவு அது. 1983இல் நாடு முழுவதும் வந்த கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் காலத்தில் ஆசிரியர் கையில் இருந்தது அதன் விளக்கவுரை. 2011இல் ஆண்டு 1இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளித் தரக் கலைத்திட்டம் பெயரிலேயே ஸ்டாண்டர்டைச் சேர்த்துக்கொண்டது. 2017இல் அதன் சீராய்வும், இடைநிலைப்பள்ளியில் படிவம் 1க்கு அதே வகையான கே.எஸ்.எஸ்.எம்.மும் வந்தன. இப்போதைய ஆவணத்தின் பெயர் டி.எஸ்.கே.பி.; தமிழில் கலைத்திட்டத் தர, மதிப்பீட்டு ஆவணம். நடத்தி முடித்த பக்கத்தைக் கணக்குப் பார்த்த காலம் போய், மாணவர் செய்து காட்டுவதைக் கணக்குப் பார்ப்பது வந்தது. இந்த மாற்றம் சொல்லில் நடந்த அளவுக்கு வகுப்பறையில் நடக்கவில்லை. பாடநூல் முடிந்தால் கலைத்திட்டம் முடிந்தது என்றே இன்னும் பலர் பேசுகிறார்கள்.

எண்களைப் படிக்கும் முறை எளிது. தமிழ்மொழியில் முதல் எண் திறனைக் காட்டும்: 1 கேட்டல் பேச்சு, 2 வாசிப்பு, 3 எழுத்து, 4 செய்யுளும் மொழியணியும், 5 இலக்கணம். இரண்டாம் எண் அதன் உள்ளடக்கத் தரம், மூன்றாவது கற்றல் தரம். ஆகவே 4இல் தொடங்கும் எண்ணைக் கண்டால், அன்றைய பாடம் திருக்குறளோ பழமொழியோ மரபுத்தொடரோ என்று ஊகித்துவிடலாம். கணிதத்தில் முதல் எண் தலைப்பு; ஆண்டு 1இல் அது 100 வரையிலான முழு எண்களில் தொடங்குகிறது. எல்லை ஆண்டுதோறும் விரியும்: ஆண்டு 2இல் 1,000, ஆண்டு 3இல் 10,000, ஆண்டு 4இல் 100,000, ஆண்டு 5இல் 1,000,000, ஆண்டு 6இல் ஒரு கோடி.

கற்றல் தரத்தின் உயிர் அதன் வினைச்சொல்லில் இருக்கிறது. "திருக்குறளையும் அதன் பொருளையும் அறிந்து கூறுவர், எழுதுவர்" என்ற பாணியில் அது எழுதப்பட்டிருக்கும். குறளோடு பொருளும் உண்டு. கூறுவதோடு எழுதுவதும் உண்டு. முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் குறளை ஒப்பித்தால் இந்தத் தரத்தில் கால்பங்குதான் நிறைவேறியிருக்கிறது. இதே வாக்கியத்தை அப்படியே வெட்டி, "இப்பாட இறுதிக்குள் மாணவர்கள்..." என்று முன்னே ஒட்டி நோக்கமாக எழுதுவதுதான் நாள் பாடத்திட்டங்களில் அதிகம் காணும் பிழை. ஒரு மணி நேரத்தில் அத்தனையும் நடக்காது. முதல் நாள் குறளைப் பிழையின்றிக் கூறுதல், அடுத்த நாள் பொருளைச் சொந்தச் சொற்களில் சொல்லுதல், மூன்றாம் நாள் பார்க்காமல் எழுதுதல் என்று உடைத்தால்தான் வெற்றிக்கூறும், அதாவது மாணவர் நோக்கத்தை எட்டியதைக் காட்டும் அடையாளமும், தெளிவாக எழும். யார் எங்கே தடுக்கினார் என்பதும், பாடம் முடிந்தபின் ஆசிரியர் எழுதும் சிந்தனை மீட்சியில் தெரியும்.

அடைவுநிலை ஆறு. முதலில் பேண்ட் என்று அழைத்தார்கள், இப்போது தி.பி., அதாவது அடைவுநிலைக்கான மலாய்ச் சொல்லின் சுருக்கம்; சில அம்மாக்கள் வாட்சாப்பில் இன்னும் பேண்ட் என்றே கேட்கிறார்கள். கணிதத்தில் இந்த ஆறும் ஏறுவதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1 அடிப்படையை அறிதல், 2 புரிதல், 3 பயன்படுத்துதல், 4 எளிய வழக்கமான பிரச்சினைக் கணக்கைத் தீர்த்தல், 5 சிக்கலான வழக்கமான கணக்கு, 6 வழக்கத்துக்கு மாறான கணக்கை ஆக்கத்துடன் தீர்த்தல். கூட்டலில் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளையின் தாளில் பத்தும் நேரடிக் கூட்டலாக இருந்தால், அந்தத் தாள் 3க்கு மேல் எதையும் காட்டவில்லை. நூறு மதிப்பெண்ணுக்கு 3ஆ என்று பெற்றோர் கோபிப்பதும், அந்தக் கோபத்துக்கு அஞ்சி ஆசிரியர் 6 போடுவதும் இதை விளக்காததால் வருபவை. 100ஐ ஆறால் வகுத்து அட்டவணை போடுவதும், ஆண்டு முழுவதும் பெற்ற நிலைகளைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு. மார்ச்சில் 2இல் இருந்த பிள்ளை அக்டோபரில் 5ஐ எட்டினால், அதைச் சராசரியாக்கி 3.5 என்பதில் பொருளே இல்லை. சேர்ந்த சான்றுகளை வைத்து ஆசிரியர் தம் தொழில்சார் முடிவால் நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதே வகுப்புசார் மதிப்பீட்டின் விதி. 3 என்பது எல்லாரும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை. 1, 2இல் நிற்கும் பிள்ளைக்கு வேறு வழியில் மீண்டும் கற்பிக்க வேண்டும். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு இந்த எண்ணின் கனம் கூடிவிட்டது.

இங்கே மாநிலத்துக்கு மாநிலம் தரம் மாறாது. கல்வி கூட்டரசின் அதிகாரத்தில் இருக்கிறது; 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தேசியக் கலைத்திட்டம் ஒன்றே. கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து பினாங்கின் பிறைக்கு வீடு மாறும் குடும்பத்தின் பிள்ளை அதே எண்களைத்தான் படிப்பான். ஆனால் வரிசை மாறலாம். ஆண்டுப் பாடத்திட்டத்தை எந்தப் பள்ளி எப்படி அடுக்கியது என்பதைப் பொறுத்தது அது. பள்ளி மாற்றும்போது முடிந்த கற்றல் தரங்களின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கினால், புதிய பள்ளியில் இருமுறை படிப்பதும் விட்டுப்போவதும் குறையும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் தரத்தைத் தானே வகுக்கிறது. 2010இல் வந்த காமன் கோர் என்ற பொதுத் தரத்தொகுப்பு பலவற்றை நெருக்கிக் கொண்டுவந்தாலும் ஏற்பதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். அந்த நாட்டுப் பயிற்சித்தாளை இறக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் 'கிரேடு' எண்ணை நம்ப வேண்டாம். காமன் கோரில் முதல் கிரேடு 120 வரை எண்ணும். நம் ஆண்டு 1 நூறோடு நிற்கும். தாளில் இருக்கும் செயலை நம் ஆவணத்தின் வினைச்சொல்லோடு பொருத்திப் பார்த்தால் போதும்.

எழுதும்போது ஒரு சந்திக் குறிப்பு. உள்ளடக்கம் + தரம், 'உள்ளடக்கத் தரம்' ஆகும். 'உள்ளடக்க தரம்' பிழை. கற்றல் + தரம் பழைய விதிப்படி 'கற்றற்றரம்' ஆக வேண்டும். அப்படி எழுதினால் ஆய்வுக்கு வரும் அதிகாரியே தடுமாறுவார். இடைவெளி விட்டுக் 'கற்றல் தரம்' என்றே எழுதலாம். நாள் பாடத்திட்டத்தில் எண்ணை மட்டும் போட்டு வாக்கியத்தை விடுவதும் வேண்டாம். ஆவணம் சீராகும்போது எண் இடம் மாறும்; 2027இல் ஆண்டு 1க்கும் படிவம் 1க்கும் புதிய கலைத்திட்டம் வரும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், பழைய கோப்பிலிருந்து எண்ணை நகலெடுப்பவர்கள் அப்போது தவறான தரத்துக்குப் பாடம் எழுதியிருப்பார்கள்.